பெண்ணின் தாய் வெளியே நிற்கவும்

“டீ குடிக்கிறீரா?” என்று கேட்டேன்.

“நோ, தேங்க் யூ.”

“அப்ப கோப்பி?”

அதற்கும் அதே சிரிப்பு, அதே “நோ, தேங்க் யூ.”

இங்கிலாந்தில், ஸ்ட்ரெதத்தில் எங்கள் வீட்டு முன்னறை. சோபாவின் நுனியில் முதுகை நிமிர்த்திக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பொடியன் இருந்தான். பெயர் டானியேல். வெளியே நல்ல வெயில், ஆனாலும் கழுத்தில் டை. அவனிடமிருந்து ஒரு குஷன் இடம் விட்டு என் மகள் மதுரா இருந்தாள். அவள் காலால் கம்பளத்தை நோண்டிக்கொண்டிருந்த விதத்திலேயே விஷயம் பெரிது என்று எனக்குப் பட்டுவிட்டது.

நான் இவரைப் பார்த்தேன், இவர் என்னைப் பார்த்தார். இவர் என்றால் என் கணவர், இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரிந்த அதே பெற்றோல் ஸ்டேஷன்காரர். எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றும் குடிக்காமல் போகிறவர்கள் ஒன்றில் கோபத்தோடு வந்தவர்களாக இருக்கும், இல்லாவிட்டால் செத்தவீடு சொல்ல வந்தவர்களாக இருக்கும். இவன் எந்த வகை என்று இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை.

“சிகரெட்?” என்று இவர் தன் பங்குக்கு ஒருதரம் கேட்டுப் பார்த்தார்.

“அப்பா!” என்றாள் மதுரா.

கடைசியில் ஒரு கிளாஸ் பால் குடித்தான். மீசை முளைத்த ஆம்பிளை ஒருவனுக்கு நான் பால் ஆற்றிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. குடித்து முடித்து, கிளாஸை மேசையில் வைத்து, மதுராவைக் கலியாணம் செய்ய விரும்புவதாகச் சொன்னான். தேத்தண்ணி குடிக்காததற்கும் காரணம் சொன்னான். அவன் மோர்மன், தேத்தண்ணியும் கோப்பியும் விலக்கின ஒரு கிறிஸ்தவ சபைக்காரன்.

“நானும்தான் அம்மா,” என்றாள் மகள். “போன வருச ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுத்திட்டன்.”

யூனிவர்சிட்டி லைப்ரரிக்குப் போகிறேன் என்று அவள் கிளம்பிப் போன ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் என் கண் முன்னே வரிசையாக வந்து நின்றன. ஞாயிறில் அந்த லைப்ரரி திறந்திருக்குமா என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

மழையில் வந்த பொடியங்கள்

மோர்மன்களைப் பற்றி எனக்கு அதுவரை தெரிந்தது கொஞ்சம்தான். ஹை ரோட்டில் வெள்ளைச் சேர்ட்டும் கறுப்புப் பெயர்ப் பட்டியுமாக இரண்டு இரண்டு பேராக நடப்பார்கள். மழை பெய்தால்தான் அவர்களுக்கு எங்கள் தெரு ஞாபகம் வரும். நானே இரண்டொரு தரம் கதவைத் திறக்காமல், உள்ளேயிருந்து “வீட்டில் யாரும் இல்லை” என்று ஆங்கிலத்தில் கத்தி அனுப்பியிருக்கிறேன்.

“தேத்தண்ணி இல்லை, கோப்பி இல்லை, குடி இல்லை, சிகரெட் இல்லை. அப்ப நல்ல பொடியன்தானே,” என்று இவர் மனமில்லாமல் சொன்னார். செவன் கிங்ஸில் இருக்கும் இவருடைய தங்கை ராணி மச்சாள் போனில் கேட்டுவிட்டு, “தேத்தண்ணி குடியாத மனுசரோ? அது என்ன சீவியம்?” என்று உண்மையிலேயே கவலைப்பட்டா.

கொஞ்ச நாள் வீட்டில் கதவுகள் பலமாகச் சாத்தப்பட்டன. பிறகு வழக்கம் போல நாங்களே இறங்கி வந்தோம். ஒரே பிள்ளை. அவளோடு எத்தனை நாளைக்குப் பேசாமல் இருக்கலாம்?

இறங்கி வந்த பிறகுதான் பெரிய இடி விழுந்தது. கலியாணம் எப்படி நடக்கும் என்று மதுரா குசினி மேசையில் இருந்து விளங்கப்படுத்தினாள். காலையில் அவர்களுடைய சபை மண்டபத்தில் சட்டப்படி எழுத்து, அதாவது கலியாணப் பதிவு. அதற்கு எல்லோரும் வரலாம். அன்றைக்கே மத்தியானம் சரேயில் இருக்கும் அவர்களுடைய கோயிலில் இன்னொரு சடங்கு. இந்தப் பிறவிக்கு மட்டுமில்லாமல் எப்போதைக்குமாக இரண்டு பேரையும் சேர்த்து வைப்பார்களாம். அவளுக்கு அதுதான் கலியாணம். ஆனால் அந்தக் கோயிலுக்குள் போக ஒரு சின்ன அட்டை வேண்டும். சபையில் சேர்ந்து, ஒழுங்காக நடந்து, பிஷப்பிடம் கையெழுத்து வாங்கினவர்களுக்குத்தான் அந்த அட்டை.

“அப்ப நாங்கள்?”

“வெளியில கார்டன் இருக்கு அம்மா. வெரி நைஸ் கார்டன்.”

“பெத்த தாய் கார்டனுக்கை நிக்கிறதோ? நல்ல கோயிலடி உது!”

“ஏன், எங்கட கோயில்ல மூலஸ்தானத்துக்குள்ள உங்கள விடுவாங்களா?”

“மூலஸ்தானத்துக்கை ஆருக்கும் கலியாணம் நடக்கிறேல்லை!”

அந்தச் சுற்றில் வென்றது நான்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் இருந்தது.

“உள்ளுக்கை உனக்கு ஆர் உடுத்தி விடுறது?”

அவள் மேசையைப் பார்த்துச் சொன்னாள். “வழக்கமா அம்மாதான் செய்வாங்க. எனக்கு சிஸ்டர் மென்சா செய்வா.”

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது அப்படித்தான். கேட்டவுடனேயே எனக்கு அந்த மனுசியைப் பிடிக்கவில்லை.

வால்தம்ஸ்டோவில் என் கூறை

மகளுக்கு யார் உடுத்திவிடுவது என்பதற்காக நான் ஏன் இப்படித் துள்ளினேன் என்று இளம் வாசகர்கள் கேட்கலாம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என்னுடைய கலியாணம் எண்பதுகளில், வால்தம்ஸ்டோவில் ஒரு வாடகை வீட்டின் மேல்மாடியில் நடந்தது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து தனியே பிளேன் ஏறி வந்த பொம்பிளை. அம்மா வர வழியில்லை. நாடு இருந்த நிலையில் என்னை அனுப்பினதே பெரிய காரியம். பெட்டியில் கூறைச்சீலை இருந்தது, அதை உடுத்திவிட ஆளில்லை. எனக்கோ அதுவரை அரைத் தாவணியும் பள்ளிக்கூட யூனிபோமும்தான் பழக்கம்.

அடுத்த அறையில் இருந்த ஒரு மலேசியத் தமிழ் அக்கா ஓடி வந்தார். படிக்க வந்து இங்கேயே வேலையில் அமர்ந்தவர். அன்றைக்கு லீவு போட்டிருந்தார் பாவம். “ஆடாம நில்லும்மா, குண்டூசி குத்திடும் லா,” என்று அதட்டிக்கொண்டே உடுத்திவிட்டார். அவரில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் படம் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, பிறகு ஒருநாள் போன் லைன் கிடைத்தபோது, அம்மா முதலில் கேட்டது சுகம் இல்லை. “கொய்யகம் ஏன் பிள்ளை மற்றப் பக்கம் பாக்குது?” என்று கேட்டா. சீலையின் முன் மடிப்பு, அதுதான் கொய்யகம், மாறிப் போயிருந்ததாம். கேட்டுவிட்டு அந்தப் பக்கத்தில் அழுதா. நான் இந்தப் பக்கத்தில் அழுதேன். மணிக்கணக்கில் காத்திருந்து கிடைத்த லைன் அப்படியே முடிந்து போனது.

பெண்பிள்ளை பிறந்த அன்றைக்கே நான் தீர்மானித்துவிட்டேன், இவளுக்கு நான்தான் உடுத்துவேன் என்று. இப்போது யாரோ ஒரு மென்சா வந்து நிற்கிறா.

உளவு பார்க்கப் போன இடம்

சரி, ஆளைத்தான் ஒருதரம் பார்ப்போமே என்று, சபையில் பெண்கள் கூடும் ஒரு வியாழன் பின்னேரம் மதுராவோடு போனேன். கலியாண அலங்காரம் பேசப் போவதாக வெளியே சொல்லிக்கொண்டேன்.

மண்டபத்தில் சிலுவை இல்லை, மெழுகுதிரி இல்லை. சுவரின் பாதி உயரத்துக்குக் கம்பளம் ஒட்டியிருந்தார்கள். கூட்டமும் விருந்தும் நடக்கும் பெரிய அறையில் இரண்டு பக்கமும் பாஸ்கெட்போல் வளையம் தொங்கியது. இதற்குக் கீழேதான் என் மகளின் விருந்து நடக்கப் போகிறது என்று நினைக்க எனக்குத் தலை சுற்றியது.

கானா, பிலிப்பைன்ஸ், பிரேசில், இங்கிலாந்து என்று உலகத்துப் பெண்கள் எல்லாம் அந்தக் குசினிக்குள் நின்றார்கள். காலடியில் தவழ்கிற பிள்ளைகள், இடுப்பில் தொங்குகிற பிள்ளைகள், வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைகள். ஒருவருக்கொருவர் எல்லோரும் சிஸ்டர். நானும் வாசல்படி தாண்டின நிமிடமே சிஸ்டர் யோகாவாகிவிட்டேன். யோகேஸ்வரி என்ற பெயரை முழுதாகச் சொல்ல அவர்களுக்குப் பொறுமை இல்லை.

சிஸ்டர் மென்சா கானாக்காரி. பகலில் சிவப்பு பஸ் ஓட்டுகிறவர். ஹை ரோட்டில் ஹோர்ன் அடிக்கிற அதே பலத்தோடு சிரிப்பார். சபையில் பெண்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. நான் யார் என்று கேட்டார், கட்டிப்பிடித்தார், என் கையில் ஒரு உருளைக்கிழங்கு சீவுகிற கத்தியைத் தந்தார். ஒரு சிஸ்டருக்குக் குழந்தை பிறந்திருந்ததாம். அந்த வீட்டுக்கு ஒவ்வொரு நாளும் ஒருவர் முறை வைத்துச் சாப்பாடு கொண்டு போவார்களாம். உளவு பார்க்கப் போனவள் ஒரு வாளி உருளைக்கிழங்கு சீவினேன்.

பிள்ளைப்பெற்றவளுக்குச் சீஸ் போட்ட உருளைக்கிழங்கா என்று எனக்கு வாய் துருதுருத்தது. எங்கள் ஆட்கள் என்றால் மிளகும் உள்ளியும் அரைத்துச் சரக்குக் கறி வைத்திருப்பார்கள். ஆனால் எனக்கு மதுரா பிறந்தபோது முறை வைத்து வந்தவர்கள் யார்? சீஸோ சரக்கோ, ஒரு சட்டி கூட என் கதவடிக்கு வரவில்லை. வாயை மூடிக்கொண்டு சீவினேன்.

அதற்குப் பிறகு அடிக்கடி போனேன். ஒரு ஞாயிறு ஆராதனைக்கும் போய்ப் பார்த்தேன். பிஷப் என்றால் அங்கி போட்டு மோதிரம் போட்ட ஆள் என்று நினைத்திருந்தேன். இந்த பிஷப் கிழமை நாட்களில் வீடு வீடாகப் போய் பொய்லர் திருத்துகிறவர். எங்களுடையதையும் ஒருதரம் பார்த்துத் தந்தார். மேடையில் ஆம்பிளைகள், குசினியில் பொம்பிளைகள். எங்கள் கோயில் திருவிழாவை விட்டு நான் ஒரு அடி கூட விலகி வரவில்லை போல இருந்தது. அதைச் சிஸ்டர் மென்சாவிடம் சொன்னேன்.

“பிஷப்புக்கு ஞாயிற்றுக்கிழமை,” என்றார் அவர் பானையைக் கழுவிக்கொண்டே. “திங்கள் முதல் சனி வரை நாங்கள்தான்.”

மாதத்தில் முதல் ஞாயிறு அவர்களுக்கு உபவாசம். வெள்ளிக்கிழமை விரதக்காரியான எனக்கு அது மட்டும் உடனே பிடித்துப் போனது. மற்றபடி ஞாயிறு ஆராதனையில் மூன்று மணித்தியாலம் ஒரு தேத்தண்ணியும் இல்லாமல் இருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

கலியாணம் கிட்டக்கிட்ட எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒருநாள் குசினியில் நாங்கள் இரண்டு பேரும் தனியே நின்றபோது கேட்டேன்.

“நான் இப்ப ஞானஸ்நானம் எடுத்தால் என்னை உள்ளே விடுவார்களா?”

மதம் பரப்புகிறவர்களுக்கு இதைவிட இனிப்பான கேள்வி வேறு உண்டா? ஆனால் சிஸ்டர் மென்சா கையைத் துடைத்துவிட்டு என்னை நேரே பார்த்தார்.

“சேர்ந்தாலும் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. கலியாணம் பார்ப்பதற்காக மட்டும் தண்ணீரில் இறங்காதீர்கள் சிஸ்டர். அது பொய். பொய் சொல்லி அந்தக் கோயிலுக்குள் யாரும் போகக் கூடாது.”

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

“உங்களுக்கு என்மேல் கோபம் என்று தெரியும்,” என்றார். “அவள் கேட்டாள், நான் சரி என்றேன். உங்கள் இடத்தில் நான் என்றால் எனக்கும் கோபம் வந்திருக்கும்.”

இப்படி ஒரு மனுசியோடு எப்படிச் சண்டை பிடிக்கிறது? நான் ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். பின்னேர விருந்துக்குக் கூறையும் தாலியும் வேண்டும், கூறையை நான் உடுத்த வேண்டும். பிஷப் சம்மதித்தார். ஓமம் மட்டும் வேண்டாம், புகை அலாரம் அடித்தால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் என்றார்.

சரேயில் ஒரு மத்தியானம்

காலையில் எழுத்து நன்றாக நடந்தது. ராணி மச்சாள் மட்டும் மண்டபத்துக் குசினியைச் சுற்றி வந்து, “கலியாண வீட்டிலை ஒரு வாய் தேத்தண்ணி இல்லையோ!” என்று வந்தவர் போனவர் எல்லோரிடமும் முறையிட்டா. ஆனால் அவ லேசான ஆளில்லை. காருக்குள் பெரிய பிளாஸ்க் வைத்திருந்தா. இஞ்சி போட்ட பால் தேத்தண்ணி. எங்கள் பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கார் பார்க்குக்குப் போய் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்ததை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பிறகு சரேக்குப் போனோம். இவர், நான், ராணி மச்சாள். பெரிய புல்வெளிக்கு நடுவில் கூரான கோபுரத்தோடு வெள்ளைக் கோயில். பக்கத்தில் ஒரு குளம். கார்டன் நல்ல கார்டன்தான், மகள் பொய் சொல்லவில்லை.

வாசலில் மதுரா என்னைக் கட்டிப்பிடித்தாள். “லேட் ஆகாது அம்மா,” என்றாள். சிஸ்டர் மென்சா கலியாண உடுப்புப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றார். டானியேல் முன்னமே உள்ளே போயிருந்தான். இவர்கள் இரண்டு பேரும் அட்டையைக் காட்டி உள்ளே போனார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு முதியவர் மிக மரியாதையாக எங்களுக்குக் காத்திருக்கும் அறையைக் காட்டினார். மெத்தை நாற்காலி, ஹீற்றர், பூச்சாடி, எல்லாம் இருந்தன.

நான் இருக்கவில்லை. வெளியே போய்க் குளத்தடியில் நின்றேன். காஞ்சிபுரத்தின் மேல் ஒரு கோட். இலையுதிர்காலக் காற்று காதைப் பிடித்து இழுத்தது.

“மச்சாள், விசர் வேலை பாக்காதேங்கோ! காருக்கை வாங்கோ, சூடா ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்,” என்று ராணி மச்சாள் கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டா. இவர் ஏற்கனவே உள்ளே இருந்து குடித்துக்கொண்டிருந்தார். ஆம்பிளைகளுக்குத் துக்கத்திலும் பசி எடுக்கும்.

எனக்கு ஆத்திரமாக இருந்தது. அழுகையாகவும் இருந்தது. இந்த நிமிடம் அவள் எந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறாள், தலைமுடி உடுப்பில் மாட்டினால் யார் எடுத்துவிடுவார்கள் என்று மனம் அந்தச் சுவருக்குள் புகப் பார்த்தது. பெற்று வளர்த்து, காய்ச்சலுக்குக் கண் விழித்து, கடைசியில் வாத்துகளோடு நிற்க விட்டுவிட்டார்களே என்று குளத்து வாத்துகளைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். அவை பாண் துண்டு ஏதும் வருமா என்று பார்த்துவிட்டுப் போய்விட்டன.

கதவு திறந்து அவர்கள் வெளியே வந்தபோது மதுராவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதைப் பார்த்துக் கோபப்படவும் முடியவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று கேட்டேன். சொல்லக் கூடாதாம்.

சின்னக் கதிரைகளின் அறை

திரும்பி மண்டபத்துக்கு வந்ததும், கூறை உடுத்த எங்களுக்குக் குழந்தைகள் அறையைத் தந்தார்கள். சுற்றிவர விளையாட்டுச் சாமான், முழங்கால் உயரக் கதிரைகள். சிஸ்டர் மென்சா வெள்ளைக் கவுனின் பின் பொத்தான்களைக் கழற்றி, அதைப் பையில் போட்டார். “இனி அம்மாவின் நேரம்,” என்று சொல்லிவிட்டு, நான் வாய் திறக்க முன்னமே வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

அந்த மண்டபத்தில் எல்லா அறைக் கதவுகளிலும் நடுவில் ஒரு கண்ணாடி இருக்கும், பிள்ளைகளின் பாதுகாப்புக்காக. சிஸ்டர் மென்சா அந்தக் கண்ணாடியில் தன் அகன்ற முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். யாராலும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது.

“நான் மாமி! அப்பான்ரை தங்கச்சி! என்னை விடுங்கோ!” என்ற ராணி மச்சாளின் குரல் கேட்டது.

“அம்மா மட்டும்,” என்றது ஆங்கிலத்தில் பஸ் ஹோர்ன் குரல்.

நான் உடுத்தத் தொடங்கினேன். புதுக் கூறை, ஒரே சரிகை, மொரமொரவென்று நின்றது. ஒரு பக்கம் மடிப்பை எடுத்தால் மறுபக்கம் சரிந்தது. மதுராவைப் பிடிக்கச் சொன்னால் அவள் குனிந்து பார்த்தாள், குனிந்ததும் எல்லாம் குலைந்தது. இன்னும் ஒரு சோடிக் கை வேண்டும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ‘மென்சா ஆன்ட்டியைக் கூப்பிடுங்க’ என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்கு என்னைவிட யாருக்குத் தெரியும்? போய்க் கதவைத் திறந்தேன்.

“சிஸ்டர், உள்ளுக்கு வாங்கோ,” என்றேன், தமிழிலேயே.

அவருக்கு விளங்கியது.

“அப்ப நானும்?” என்று ராணி மச்சாள் ஒரு காலை உள்ளே வைத்தா.

“நீங்கள் நில்லுங்கோ மச்சாள்.”

சிஸ்டர் மென்சா கம்பளத்தில் முழங்காலில் இருந்து கொய்யகத்தைப் பிடித்தார். நான் ஒவ்வொரு மடிப்பாக எடுத்து அவருடைய கைக்குள் கொடுத்தேன். எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று காட்டினேன். ஸ்டியரிங் பிடித்த கை, ஒரு நூல் கூட அசையவில்லை.

“உள்ளே நடந்ததை நான் சொல்லக் கூடாது,” என்றார் மடிப்பிலிருந்து கண் எடுக்காமல். “ஆனால் பொத்தான் பூட்டினது சடங்கில் சேராது, அதைச் சொல்லலாம். பூட்டி முடிக்கும் வரைக்கும் இவள் என்னை நிம்மதியாக விடவில்லை. அம்மா உள்ளே வந்து இருந்தாவா, வெளியில் குளிரில் நிற்கிறாவா, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று ஒரே பாடு. வாசல் வரை வந்து பார்த்தேன். நீங்கள் குளத்தடியில் நின்றீர்கள்.”

“ஆன்ட்டி!” என்றாள் மதுரா.

“திரும்பிப் போய், உன் அம்மா ஹீற்றருக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கிறார் என்றேன். அந்தக் கோயிலுக்குள் நான் சொன்ன ஒரே பொய் அதுதான் சிஸ்டர்.”

நான் முந்தானையைத் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஊசி எங்கே இருக்கிறது, தோள் எங்கே இருக்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“அம்மா, அழுறீங்களா?”

“ஊசி குத்திப் போட்டுது பிள்ளை,” என்று நானும் ஒரு பொய் சொன்னேன்.